சீட்டுக் கட்டி வைத்த வானொலிகள்



உங்கள் வீட்டுப் பரணில், பழைய துணியால் மூடப்பட்டு, ஒரு வானொலிப் பெட்டி இருக்கக்கூடும். பாட்டனார் காலத்தது. அதை யாரும் தொடுவதில்லை. எறியவும் மனம் வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைத் துப்புரவு செய்யும்போது, "பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி எழும். யாராவது ஒருவர் "இருக்கட்டும்" என்பார். அது மீண்டும் பரணுக்கே போய்விடும்.

அப்படிப்பட்ட பெட்டிகளோடு தம் வாழ்நாளைக் கழித்த ஒருவரைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன். மயிலாப்பூர்க் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் கடை வைத்திருந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய மகனின் விருப்பம். எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததுமில்லை. பெரியவர்களுக்கு அவர் 'ரேடியோக்காரர்'; எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு 'ரேடியோ மாமா'. அவர் முஸ்லிம் அல்லர். இருந்தும் இந்தப் பக்கத்தில் ஏன் எழுதுகிறேன் என்பது, முடிவுவரை படித்தால் உங்களுக்கே விளங்கும்.

எட்டடிக்குப் பத்தடி இருக்கும் அந்தக் கடை. உள்ளே நுழைந்தால் சூடான ஈயமும் ரெசினும் கலந்த மணம் வரவேற்கும். மேசை மேல் ஒரு வானொலி, தன் உள்ளுறுப்புகள் தெரிய மல்லாந்து கிடக்கும். மூன்று பக்கச் சுவர்களிலும் பலகைகள். அவற்றில் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி., எச்.எம்.வி., டெலிஃபங்கன் என்று பல வயதுப் பெட்டிகள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலோ குமிழிலோ நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருப்பார். அதில் உரிமையாளரின் பெயர், தெரு, கொண்டு வந்த நாள், பழுது, கூலி ஆகிய ஐந்தும் இருக்கும். அந்தச் சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பது அவருக்குப் பிழைப்பு. வானொலி அவருக்குக் காதல். வேலை நடந்துகொண்டிருக்கும்போது வாடிக்கையாளருக்கு ஒரு முக்காலியைக் கொடுத்து, சென்னைக்கு வானொலி வந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார். நானே பத்து முறையாவது கேட்டிருப்பேன்.

"அரசாங்கமா கொண்டுவந்தது? இல்லை தம்பி. ஓர் ஆர்வக்காரர் கொண்டுவந்தார்" என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். அவர் குறிப்பிட்டது சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரை. 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி 1927 ஜூலையில் தொடங்குவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, சென்னையில் மாலை நேரங்களில் கழகத்தின் ஒலி காற்றில் மிதந்தது. பணமில்லாமல் 1927 அக்டோபரில் கழகம் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் வானொலி வாங்க முடியாதவர்களுக்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. 1954-ல் அது கடற்கரைச் சாலையிலுள்ள கட்டடத்துக்கு வந்தது. ரேடியோக்காரரின் கடையிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். "அவர்கள் அங்கே பேசுகிறார்கள், நான் இங்கே கேட்க வைக்கிறேன்" என்று சிரிப்பார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து வானொலியைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். அது சட்டைப் பையில் அடங்கும் பொருளன்று. கூடத்தில் தனி மேசை போட்டு, உம்மா பூப்பின்னல் விரிப்புப் போர்த்தி வைத்த பெருமை. அதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். 1980-களின் நடுப்பகுதியில்தான் அந்த முறை முற்றிலும் ஒழிந்தது. சுவரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செம்புக் கம்பியால் பின்னிய ஏரியல் கட்டியிருப்போம். குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. வால்வுகள் சூடேற அரை நிமிடமாவது ஆகும். முதலில் முகத்திலுள்ள பச்சைக் கண் மெல்ல விழிக்கும்; பிறகு இரைச்சல்; அதன் பிறகே குரல். நிலையம் சரியாகப் பொருந்தினால் பச்சைக் கண்ணின் நிழல் ஒடுங்கும். சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ், மீட்டர் கணக்கிட்ட பழைய முகப்பில் 417-க்கு அருகே இருக்கும். அந்த இடத்தில் வாப்பா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.

மற்றொரு புள்ளி கொழும்புக்கு. 1949-ல் 'ரேடியோ சிலோன்' என்று பெயர் பெற்று, 1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய நிலையம் அது. பெயர் மாறிய பின்னும் நம் வீடுகளில் அது சிலோன்தான். அதன் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்காகவும், ரமளான் மாத நிகழ்ச்சிகளுக்காகவும் எத்தனை உம்மாமார்கள் அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்! பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் திருத்தமான தமிழைக் கேட்டு உச்சரிப்புக் கற்ற பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! 1925-ல் பிறந்து 2015-ல் மறைந்த நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் கணீர்க் குரல், மேடைக்குப் போக வாய்ப்பில்லாத பெண்களின் செவிகளுக்கு வந்து சேர்ந்ததும் வானொலியாலும் இசைத்தட்டாலும்தான்.

இனி அந்த இரவைச் சொல்கிறேன். எழுபதுகளில், நான் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது நடந்தது. அன்று நோன்பு 29. நோன்பு திறந்து, மஃக்ரிப் தொழுதுவிட்டு, தெருவிலுள்ள ஐந்தாறு குடும்பத்தார் எங்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள். வானத்தில் மேகம். தலைமை காஜியின் பிறை அறிவிப்பு வானொலியில் வருமா என்ற எதிர்பார்ப்பு. மறுநாள் பெருநாள் என்றால் இறைச்சி வாங்க வேண்டும். தையற்காரரிடமிருந்து சட்டை வாங்க வேண்டும். ஃபித்ரா அரிசி அளக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் வானொலி, தொண்டை அடைத்தவரைப் போல ஒரு முறை கரகரத்துவிட்டு ஓய்ந்தது. பச்சைக் கண் அணைந்தது.

வாப்பா என்னை ஓடச் சொன்னார்கள். ரேடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விவரம் கேட்டவர், இலையை மூடிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்பலகையைக் கழற்றி, மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் வால்வை உருவி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "இ.இசட்.80 போய்விட்டது பாய். கடையில் இருப்பு இல்லை" என்றார். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, வா" என்றார். மீண்டும் அவர் வீட்டுக்கு ஓடினோம். தம் கூடத்தில் பாடிக்கொண்டிருந்த வானொலியை நிறுத்தி, அதிலிருந்த அதே இன வால்வைச் சூடு ஆறுமுன் துண்டால் பிடித்துக் கழற்றினார்.

திரும்பி வந்ததும் புது வால்வைச் செருகவில்லை. "வால்வு ஏன் செத்தது என்று பார்க்காமல் அடுத்ததைப் போட்டால் அதுவும் சாகும்" என்று சொல்லி, கண்டென்சரைச் சோதித்தார். பிறகே வால்வு ஏறியது, குரல் வந்தது. அறிவிப்பும் வந்தது. கூலி எவ்வளவு என்று வாப்பா கேட்டபோது, "வால்வு விலை மட்டும் தாருங்கள் பாய். நல்ல நாளுக்கு வந்ததற்குக் கூலி வேண்டாம்" என்றார். மறுநாள் உம்மா பிரியாணிக்குப் பதிலாக, அவர் வீட்டார் சைவம் என்பதால், சேமியாவும் வட்டலப்பமும் தனிப் பாத்திரத்தில் அனுப்பிவைத்தார்கள். வட்டலப்பத்தில் முட்டை உண்டு என்பது பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. அதை நான் தின்றுவிட்டு, சேமியாவை மட்டும் கொடுத்தேன். இதை இன்றுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய தொழில்முறையில் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, சீரிஸ் விளக்கு. நெடுநாள் கிடந்த வானொலியை அவர் ஒருபோதும் நேராக மின்சாரத்தில் செருகமாட்டார். நடுவே ஒரு குண்டு விளக்கை வரிசையாக இணைத்து, அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுப்பார். விளக்கு பிரகாசமாக எரிந்தபடியே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கில் உறங்கிய பெட்டியில் கண்டென்சர்கள் உலர்ந்தும் கெட்டும் போயிருக்கும். ஆர்வத்தால் உடனே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும், தீப்பற்றவும் கூடும். உங்கள் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், தொழில் தெரிந்தவர் பார்க்குமுன் மின்சாரம் கொடுக்காதீர்கள். வால்வு வானொலிக்குள் இருநூறு வோல்ட்டுக்கும் மேல் ஓடும். பழைய கலர் டி.வி.யின் படக்குழாயிலோ இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். நிறுத்திய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கும். பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள்.

இரண்டாவது வழக்கம், கழற்றிய பழைய பாகங்களை ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டி, வானொலியோடு சேர்த்துத் திருப்பித் தருவது. "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று கேட்பவரிடம், "ஒன்றும் செய்ய வேண்டாம். மாற்றினேன் என்று சொன்னது உண்மைதானா என்று பார்த்துவிட்டு எறிந்துவிடுங்கள்" என்பார்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சாலிடேர், டயனோரா என்று நம் சென்னையிலேயே பெட்டிகள் உருவாயின. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்டில் வண்ணமும் வந்தது. ரேடியோக்காரரும் புதுத் தொழிலைக் கற்றார். சில பெட்டிகளை விற்கவும் செய்தார். நம் வீடுகளில் அப்போது நடந்த விவாதங்கள் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சியை வீட்டுக்குள் விடலாமா, கூடாதா என்று ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சிகள். வாப்பா சில ஆண்டுகள் மறுத்தார்கள். ரேடியோக்காரர் ஒருமுறைகூட எங்களை வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் அவரைத் தூது போகச் சொன்னபோது, "உங்கள் வாப்பா மனம் ஒப்பி வாங்கினால் விற்பேன். நான் பேசி விற்றால் அந்தப் பெட்டி ஒவ்வொரு நாளும் அவரை உறுத்தும்" என்று மறுத்துவிட்டார்.

காலம் மாறியது. டிரான்சிஸ்டர் வந்து வால்வை விரட்டியது. பழைய பாகங்கள் கிடைத்துவந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் எரிந்து போனது. உதிரிப் பாகங்களுக்கு ரிச்சி தெரு ஒன்றே கதியாயிற்று. 1965-ல் இதே மயிலாப்பூரில் சிறு கடையாகத் தொடங்கிய விவேக்ஸ் போன்றவை பெருநிறுவனங்களாக வளர்ந்தன. தியாகராய நகரில் மாடி மாடியாகக் கடைகள் எழுந்தன. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது நாகரிகமாயிற்று. பழுது பார்க்கும் கூலி புதுப்பொருளின் விலையை எட்டிப்பிடித்தபோது, மக்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். பழுது பார்க்கக் கொடுத்ததை வாங்கவும் பலர் வரவில்லை.

பலகைகளில் சீட்டுக் கட்டிய பெட்டிகள் தேங்கின. கூலி வராத பெட்டிகள். இடத்தை அடைக்கும் பெட்டிகள். பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வரத் தொடங்கிய பிறகு, அவற்றுக்கு விலையும் ஏறியது. தியாகராய நகரிலிருந்து வந்த ஒருவர், ஒரு பெரிய மர வானொலிக்கு அவருடைய நான்கு மாத வாடகைக்குச் சமமான தொகையை மேசைமேல் எடுத்து வைத்தார். அப்போது கடைக்கு வாடகை பாக்கி இருந்தது. ரேடியோக்காரர் சீட்டைத் திருப்பிக் காட்டி, "இதில் வேறொருவர் பெயர் இருக்கிறதே, ஐயா" என்றார். வந்தவர், "இருபது வருடமாக வராதவர் இனியா வரப்போகிறார்?" என்று கேட்டார். "வரமாட்டார் என்று எழுதித் தருவாரா?" என்று இவர் கேட்டார். பேரம் முடிந்தது. இதை நேரில் கண்டவன் நான்.

வாப்பாவிடம் வந்து சொன்னேன். வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அமானிதம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. நமக்குச் சொல் தெரியும்" என்றார்கள்.

வாப்பா மறைந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன், நம் வழக்கப்படி என் மூத்த காக்கா முன்வந்து, "வாப்பாவிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அறிவித்தார். யாரும் வரவில்லை. வெளியே, செருப்புகள் கிடந்த படிக்கட்டருகே, ரேடியோக்காரர் கைகட்டி நின்றிருந்தார். எங்களோடு அடக்கத்தலம் வரை நடந்தார். வாப்பாவுக்குக் கடன் இல்லை என்ற நிம்மதியோடு நாங்கள் வீடு திரும்பினோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் ரேடியோக்காரரும் காலமானார். அடையாற்றில் வசிக்கும் அவர் மகன் கடையைக் காலி செய்யத் தொடங்கினார். தந்தையின் பேரேட்டை எடுத்துக்கொண்டு, சீட்டிலுள்ள பெயர்களைத் தேடிப் பெட்டிகளைத் திருப்பித் தருவதென்று முடிவு செய்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். பழைய தெருக்காரன் என்பதால் உதவிக்கு என்னை அழைத்தார்.

தூசு தட்டிச் சீட்டுகளைப் படித்துக்கொண்டே வந்தோம். மூன்றாவது பலகையின் கோடியில், பூப்பின்னல் விரிப்பின் நூல் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டி. முகப்பில் இரண்டு பென்சில் புள்ளிகள். ஒன்று 417-க்கு அருகே. சீட்டில் என் வாப்பாவின் பெயர். பழுது: டயல் நூல், பேண்டு சுவிட்ச். கூலி: ரூ. 35. பாக்கி.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. வாப்பா ஒருவழியாக மனம் ஒப்பிக் கலர் டி.வி. வாங்கிய ஆண்டு அது. வானொலியைப் பழுது பார்க்கக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்" என்றார். நான் போகவில்லை. வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனை ஆண்டுகள் அந்தக் கடையின் முக்காலியில் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறேன்! அவர் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. மர வானொலிக்கு விலை பேசியவரிடம் அவர் சீட்டைக் காட்டியபோது, இருபது வருடமாக வராதவர்களை நானும் மனத்துக்குள் பழித்தேன். ஜனாஸாவன்று அறிவிப்பைக் கேட்டபடி படிக்கட்டருகே நின்றாரே, அப்போதும் வாய் திறக்கவில்லை. பேரேட்டில் கணக்கு இருந்தது. எங்களை அந்த நேரத்தில் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

நான் பணத்தை எடுத்து நீட்டினேன். மகன் வாங்க மறுத்தார். "அப்பாவே கேட்கவில்லை, நான் வாங்கலாமா?" என்றார். "தம்பி, இது என் கடன் மட்டுமல்ல, என் வாப்பாவின் பெயரில் இருக்கும் கடன். அடைக்கப்படாத கடனோடு ஒருவர் கப்ரில் கிடப்பதை நாங்கள் அஞ்சுகிறோம். நீங்கள் வாங்காவிட்டால் என் வாப்பாவுக்கு விடுதலை இல்லை" என்றேன். அவர் முகம் மாறியது. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பேரேட்டில் அந்த வரியைத் தாமே அடித்து, தேதியிட்டார். கூலிக்குமேல் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார். இத்தனை ஆண்டு இடம் கொடுத்து வைத்திருந்ததற்கு எதைக் கொடுத்து ஈடு செய்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் இருவரும் அலைந்தோம். தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். தெரிந்த பெயர்கள் இல்லை. ஆயினும் பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் உரிய வீடுகளைச் சேர்ந்தன. அடையாற்றில் ஒரு மூதாட்டி சீட்டிலிருந்த தம் கணவரின் பெயரைப் படித்துவிட்டு, வானொலியைக்கூடப் பார்க்காமல் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு வீட்டில், "இதையெல்லாம் வைக்க இடமில்லை, நீங்களே எடுத்துப் போங்கள்" என்றார்கள். அவர்களிடம் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார் மகன்.

உரியவர் கிடைக்காத பெட்டிகள் பதினொன்று மிச்சம். அவற்றை என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்டார். எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுச் சொன்னேன்: இயன்ற மட்டும் தேடுங்கள், கிடைக்காவிட்டால் உரியவர் பெயரால் தருமம் செய்யுங்கள், பின்னர் அவர் வந்து கேட்டால் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். "அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் தேடுகிறேன்" என்றார். அந்தப் பதினொன்றும் இப்போது அவர் வீட்டு அறையில், சீட்டுகளோடு இருக்கின்றன.

எங்கள் வானொலி என் கூடத்துக்கு வந்துவிட்டது. சீரிஸ் விளக்கு வைத்துத்தான் முதலில் மின்சாரம் கொடுத்தோம். விளக்கு மங்கியது, பச்சைக் கண் விழித்தது. உள்ளே இருப்பது அன்றிரவு அவர் தம் வானொலியிலிருந்து கழற்றித் தந்த வால்வுதான்.

வாசகர்களே, இன்றிரவு வீட்டார் எல்லோரும் அமர்ந்து ஒரு கணக்குப் பாருங்கள். தையற்காரரிடம், கடிகாரக் கடையில், மிக்சி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு மறந்த பொருள் எதுவும் உண்டா? கொடுக்காத கூலி உண்டா? மறைந்த பெரியவர்களின் பெயரில் எந்தக் கடையிலாவது, எந்தப் பேரேட்டிலாவது ஒரு வரி அடிபடாமல் இருக்கிறதா? கேட்காமல் இருப்பவர்களிடம் நாமே போய்க் கேட்போம். கடை மூடப்படுமுன் போவது நல்லது. எனக்கு அது தவறிவிட்டது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.